தப்பு விடை தயாரிக்கிறவள்

சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒரு அகராதியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். தப்பான விடையை எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி ஒரு தேர்வு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வருகிறவர்களுக்கும் பதவி உயர்வு கேட்கிறவர்களுக்கும் ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று சோதித்துச் சொல்வது அந்த நிறுவனத்தின் தொழில். ஒரு வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு விடைகள். ஒன்று சரி. மிச்சம் மூன்றும் அவள் கைவண்ணம். முகத்துக்கு நேரே அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘நாலுல ஒண்ணு’.

தப்பு விடைக்கு அந்த அலுவலகத்தில் பொறி என்று பெயர். பொறி பொறியாகத் தெரியக் கூடாது. வீட்டு வாசல் மாதிரித் தெரிய வேண்டும். எலிகூட மோந்து பார்க்காத பொறிகளைப் பிரிவுத் தலைவர் தூக்கி எறிந்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் உலுக்கி உலுக்கிப் பார்ப்பதால் அவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர்.

“இதுல யாரு விழுவா? வேணும்னே விழணும்னு நெனச்சாதான் விழ முடியும்” என்று மற்றவர்களின் கேள்விகளைத் திருப்பி அனுப்புவார். அவளுடையதை மட்டும் படித்துவிட்டு, தானே ஒரு நொடி தடுமாறி, பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். “எங்கேந்து பிடிக்கிறீங்க மேடம் இதையெல்லாம்?”

“அப்படியே தோணும் சார்.”

அது பொய். அந்தப் பொய்க்கு மீசை இருந்தது. நல்ல உயரம், கையில் எப்போதும் கிரீஸ் வாசனை. அவளுடைய கணவர்.

முதலில் அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். விடைத்தாள் திருத்தும்போது சரியான விடைகளைப் பார்த்தால் கொட்டாவி வரும். தப்பைப் பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். சரியான விடை யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. தப்பில்தான் எழுதிய ஆளின் ஜாடை தெரிகிறது. இந்தப் பிள்ளை எந்தச் சந்து வழியாகப் போய் இங்கே வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் தாள்கள் மேசையில் மலைபோல் ஏறின. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார். அவள் வேறு வேலை பார்த்துக்கொண்டாள்.

புது வேலையில் அவளுடைய ராஜ்யம் ஆங்கிலத்தின் குட்டிச் சொற்கள். இன், ஆன், அட், பை. தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அடக்க ஒடுக்கமாக வருகிற சமாச்சாரங்கள்; ஆங்கிலத்தில் தனியாகக் கிளம்பி முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ‘ஆன் தி வே’ என்றால் ஆள் வந்துகொண்டிருக்கிறார். ‘இன் தி வே’ என்றால் ஆள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். தமிழில் இரண்டு பேருமே வழியில்தான் இருக்கிறார்கள். அந்த நூலிழைச் சந்தில்தான் அவள் பிழைப்பு நடந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆங்கிலம் பேசுவதில் அவருக்கு இருந்த துணிச்சல் கம்பியில் தொங்கும்போதுகூட இருந்ததில்லை. குடியிருப்புகளிலிருந்து போன் வந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஒருமுறை, கரகரவென்று சத்தம் போட்டாலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். “லிஃப்ட் வில் பி ரெடி அன்டில் ஃப்ரைடே!” என்றார். வெள்ளிக்கிழமைக்குள், அதாவது ‘பை ஃப்ரைடே’, சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கேட்டவர்களுக்கோ, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் ஓடும், அதற்குமேல் உங்கள் பாடு என்று பட்டது. வியாழக்கிழமையே மூட்டை முடிச்செல்லாம் மேலே ஏற்றிவைத்துவிட்டார்கள். அவள் சமையலறையிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டாள். அடுத்த வாரம் அது ஒரு கேள்வியாகிச் சல்லடையின் மேசைக்குப் போனது. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் அதில் விழுந்தார்கள்.

அப்போது ஆரம்பித்த பழக்கம்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கோடு வரும் இடத்தில் நிறுத்துவாள். அவர் யோசிக்காமல் நிரப்புவார். யோசிக்காததுதான் அதன் அருமை. அவள் “ம்ம்” என்பாள். அவர் தட்டைத் தள்ளிக்கொண்டு, “அடுத்தது?” என்பார்.

தன் விடைகளெல்லாம் சரியான விடைகளாகத் தாளில் ஏறுகின்றன என்று அவர் நம்பினார். “வீட்ல கேள்வித்தாள் தயாரிக்கிறதே நம்மகிட்ட கேட்டுத்தான்” என்று லிஃப்ட் கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவள் மறுக்கவுமில்லை, திருத்தவுமில்லை. திருத்தினால் என்ன ஆகும்? அடுத்த முறை யோசிப்பார். யோசித்துச் சொல்கிற தப்பு யாருக்கும் உதவாது. ஊறிக்கொண்டிருக்கிற கிணற்றில் தானே மண்ணள்ளிப் போடுகிற பைத்தியக்காரி யார்?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார். மருந்துக்கடையில் வேலை, அண்ணன் வீட்டில் இருப்பு, வாய் மட்டும் ஊருக்குச் சொந்தம். “அண்ணி, நீங்க எங்க அண்ணனை வச்சு ஊரையே ஃபெயிலாக்குறீங்க” என்பாள்.

“மெதுவாப் பேசேன்டி.”

“அவருக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா நிறுத்திடுவார்.”

ஒரு நாள் சாயங்காலம் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

“சூப்பர்வைசர் வேலைக்கு என் பேரையும் போட்டுட்டாங்க! இனிமே ஏணி ஏற வேணாம். கீழ நின்னு கையைக் காட்டினாப் போதும்.”

அவருடைய முட்டிகள் இரண்டும் கொஞ்ச காலமாகவே தகராறு. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஏறும்போது பிடித்துக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து எழும்போது நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி ஒரு முனகல் வரும். டாக்டர், “ஒண்ணு ஏணியை விடுங்க, இல்ல முட்டியை மறந்துடுங்க” என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் முட்டி பிழைக்கும்.

“ஒரே ஒரு பரீட்சைதான். இங்கிலீஷ்” என்றார். பிறகு கண்ணடித்தார். “யாரு நடத்துறான்னு சொல்லு பார்ப்போம்.”

“எங்க ஆபீஸா?” என்றாள் அவள்.

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். “என்னடி?” என்று அண்ணன் கேட்டதற்கு, “சந்தோஷம்ணா” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் முதல் வேலையாகச் சல்லடையின் அறைக்குப் போனாள். “சார், எங்க வீட்டுக்காரர் எழுதுறார்.”

சல்லடை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நல்லவேளை சொன்னீங்க. தாளுக்குக் கேள்வி பொறுக்குற வேலையில நீங்க வேணாம், நானே பொறுக்கிக்கிறேன்.”

“என் கேள்வியே இல்லாம ஒரு தாள்...”

“இருப்புல இருக்குற குட்டிச் சொல் கேள்வி எல்லாமே உங்களுது மேடம். அதை எடுத்தா வெறும் தாளைத்தான் குடுக்கணும்.” ஒரு காகிதத்தை நீட்டினார். “பரீட்சை முடியுற வரைக்கும் வீட்ல இங்கிலீஷ் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் முழு விபரீதமும் உறைத்தது. ஆயிரக்கணக்கான பேருக்காக வைக்கும் பொறியில் எந்த அளவு யாருக்குப் பொருந்துமோ தெரியாது. ஒரே ஒருவருக்கு மட்டும் எல்லாமே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அவரைக் காப்பாற்ற அவள் சொல்ல வேண்டியதும் ஒரே வாக்கியம்தான்: ‘நீங்க சொன்னதெல்லாம் தப்பு.’ சாதாரண நாளில் எந்த மனைவியும் வாய் கூசாமல் சொல்லிவிடுகிற வாக்கியம். இப்போது அது தேர்வு ரகசியமாகிவிட்டது. அதைச் சொன்னால் விடைத்தாளையே கையில் கொடுத்த மாதிரி.

“நான் சொல்லட்டுமா?” என்று அன்று ராத்திரி சமையலறையில் நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“நீ சொன்னாலும் நான் சொன்னதாத்தான் அர்த்தம்.”

“அப்ப என்ன, அவரு போய் விழட்டுமா?”

அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

வீட்டில் இங்கிலீஷ் நின்றது. ராத்திரி அவர் வழக்கம்போல “ம், கேளு” என்று காத்திருப்பார். அவள், “ரூல்ஸ்” என்பாள். “பொண்டாட்டிக்கு என்ன ரூல்ஸ்?” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். கடைசியில் நாத்தனார் மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கிவந்து, தானே வாத்தியாராகிவிட்டாள். அண்ணன் கூடத்தில் கால்களை நீட்டி முட்டியில் தைலம் தடவிக்கொண்டே பதில் சொல்லுவார்.

“ரூமுக்குள்ள மூலையில நாற்காலி இருக்கு. இன் தி கார்னரா, அட் தி கார்னரா?”

“அட்.”

“புக்குல ‘இன்’னு போட்டிருக்கு. அட் தி கார்னர்னா தெருமுனையாம்.”

“அச்சுப்பிழை.”

“அண்ணா, இதோட மூணாவது அச்சுப்பிழை.”

“மட்டமான புக்கு வாங்கிட்டு வந்துட்டு என்னைச் சொல்லாதே. உங்க அண்ணிகிட்டயே கேளு. ஏம்மா! இத்தனை வருஷமா சொல்றேனே, ஒரு தடவையாவது என்னைத் தப்புன்னு சொல்லியிருக்கியா?”

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. “அடுப்புல வேலை இருக்குங்க!” என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

அவளுக்குத் தூக்கம் குறைந்தது. அவள் கிணறு என்று நினைத்திருந்தது ஒரு மனிதர். நம்பி நம்பி நிரப்பிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு “ம்ம்”முக்கும் அவர் முகம் எப்படி மலரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் “ம்ம்” என்றிருக்கிறாள்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலையில். அவர் இஸ்திரி போட்ட சட்டையும், காதில் செருகிய பென்சிலுமாகக் கிளம்பினார். “வீட்டுச் சாப்பாடு மாதிரிதானே, பயம் என்ன?” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நாத்தனார் கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

“எப்படி இருந்துது?” என்றாள் அவள்.

“கூட்டமா இருந்துது. எல்லாக் கேள்வியிலயும் நான் இருந்தேன்.”

அவள் கையிலிருந்த ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல் கேள்வி. நாலு விடை. அதுல ஒண்ணு நான். ஆகான்னு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். ரெண்டாவது. அங்கயும் உக்காந்திருக்கேன். ராஜா மாதிரிப் பென்சிலை ஓட்டிக்கிட்டே போறேன். பக்கத்துல எழுதுறவன் நகத்தைக் கடிக்கிறான், எனக்கு அவனைப் பார்த்தாப் பாவமா இருக்கு.” அவர் மீசையைத் தடவினார். “அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி வந்துது.”

“என்னங்க...”

“இரு. மெக்கானிக் ஒருத்தன் லிஃப்ட் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போறான். மானேஜருக்குச் செய்தி அனுப்பணும். நான் ஒரு தடவை அனுப்பினேனே, ‘ஐ ஆம் இன் ஹாஸ்பிடல்’னு. என்ன ஆச்சு?”

“மானேஜர் பழக்கூடையோட வந்துட்டார்” என்றாள் நாத்தனார் கதவோரத்திலிருந்து. “படுக்கையில கிடக்குறேன்னு அர்த்தமாயிடுச்சே.”

“ஆமா. அவரு வார்டு வார்டாத் தேடுறார், நான் குழிக்குள்ளேந்து கிரீஸ் மூஞ்சியோட எட்டிப் பார்க்குறேன். ஆபீஸே சிரிச்சுது. அது ஒண்ணுதான் என் வாழ்க்கையில தப்புன்னு சத்தியமாத் தெரிஞ்ச இங்கிலீஷ். அதுவும் அங்க இருக்கு, மத்த எல்லாத்தையும் போலவே, அதே வரிசையில, அதே உடுப்புல.” அவர் அவளையே பார்த்தார். “பென்சிலைக் கீழ வச்சேன். யோசிச்சேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட என்னைத் தப்புன்னு சொன்னதில்ல. சரின்னும் சொன்னதில்லையே! ம்ம்னுதானே சொன்னே?”

அவள் தலை குனிந்தாள். “ஆமாங்க.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

நாத்தனார் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

“ரப்பரை எடுத்தேன்” என்றார் அவர். “நிரப்பினது பூராவும் அழிச்சேன். திரும்ப முதல்லேந்து வந்தேன். எங்கெங்க நான் இருக்கேனோ, அந்த வாசலை மூடிட்டேன்.”

“உங்களுதைக் கழிச்சாலும் மூணு மிச்சம் இருக்குமே. அதுல எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“நீ போன்ல உன் ஆபீஸ் ஆளுங்களோட பேசுவியே, காய் நறுக்கிக்கிட்டே. மூணையும் உன் குரல்ல படிச்சுப் பார்த்தேன். எது உன் வாயில நிக்குதோ அதைப் போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீ மட்டும்தான் ஒட்டுக் கேட்பியா?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே படியில் ஏறி வந்து இடித்துக்கொண்டன. அடுத்த நிமிஷமே வேறொரு பயம் வந்தது. “இதை நான் சல்லடை சார்கிட்டச் சொல்லியாகணும்ங்க. நான் எதையும் காட்டல. ஆனாலும் மத்தவங்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருந்திருக்கு. சொன்னா உங்க தாள் செல்லாமப் போனாலும் போகும்.”

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

“போய்ச் சொல்லு. இல்லன்னா நாளைக்கு நாலு பேரு சொல்லுவாங்க, பொண்டாட்டி போட்ட பாஸுன்னு.”

திங்கட்கிழமை சல்லடை எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடி நெற்றிக்கு ஏறி, மூக்குக்கு இறங்கி, மறுபடி ஏறியது.

“கேள்வியை முன்னாடியே காட்டினீங்களா?”

“இல்ல சார்.”

“விடையைச் சொன்னீங்களா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து சொன்னதில்ல சார். அதான் வம்பே.”

“ஒவ்வொரு கேள்வியிலயும் ஆளை விழவைக்கிற அந்தப் பொறி...?”

“எங்க வீட்டுக்காரர்தான்.”

சல்லடை நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. இருமலாக மாற்றிக்கொண்டார். “தாளை வச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாது. புதன்கிழமை ஆளைக் கூட்டிட்டு வாங்க. நாலு விடை எல்லாம் கிடையாது. நான் கேட்பேன், அவர் பேசணும். அந்த வேலைக்கு என்ன வேணுமோ அது இருந்தாப் போதும்.”

புதன்கிழமை அவளைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டார். கண்ணாடிக் கதவு, உருவம் தெரியும், குரல் அரைகுறையாகக் கசியும். உள்ளே போனதும் கணவர் வாயே திறக்கவில்லை. ஆயிற்று, யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவள் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். தன்னுடைய ஒவ்வொரு சொல்லும் யாரோ வைத்த பொறியாக இருக்குமோ என்று தயங்குகிற ஆளாக அவரை ஆக்கிவிட்டாளா?

சல்லடை ஏதோ சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, நான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று நடித்துக் காட்டுகிறார் போலிருந்தது, மேசையைக்கூடத் தட்டினார். அவ்வளவுதான். கணவர் எழுந்து நின்றுவிட்டார். எதிரே சல்லடை இல்லை, மாட்டிக்கொண்ட ஒரு மனிதர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் குரல் கிளம்பியது. சார் டோன்ட் ஃபியர், சார் டோன்ட் டச் தி டோர், ஐ ஆம் கமிங், ஸிட், ஸ்லோ பிரீத்திங். ‘இன்’னும் ‘ஆன்’னும் ‘அட்’டும் தாறுமாறாக ஓடின. ஒரு சொல்லும் வீணாகவில்லை. சல்லடை உண்மையாகவே நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

வெளியே வந்த சல்லடையின் கையில் முத்திரை குத்திய ஒரு தாள். அதைக் கணவரிடம் கொடுத்தார். “மாட்டிக்கிட்டா உங்க லிஃப்ட்லதான் மாட்டிக்கணும்.” பிறகு அவள் பக்கம் குனிந்தார். “மேடம், இவரை அடிக்கடி இந்தப் பக்கம்...”

“சார்!” என்றாள் அவள்.

“சும்மா கேட்டேன்” என்று உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அவர் ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் அவள் மெல்ல ஆரம்பித்தாள். “உள்ள பேசினதுல ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லேன்.”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவரைக் கடைசியில ஒருவழியா வெளிய இழுத்துட்டேன்னு சொல்றப்ப, ‘அட் தி எண்ட்’னு சொன்னீங்க. அது தெரு முடியிற இடம், கதை முடியிற இடம். நீங்க சொல்ல வந்தது ‘இன் தி எண்ட்.’ படாத பாடெல்லாம் பட்டு, முடிவுல.”

“அப்ப நான் சொன்னது தப்பு.”

“தப்பு.” சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் எடையை அவளே கொஞ்சம் உணர்ந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நிதானமாகப் பிரித்தார். “இது யாரு முத்திரை?”

“எங்க ஆபீஸ் முத்திரை.”

“என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி.”

“ஆங்கிலத்தில்... போதுமான தேர்ச்சி.”

“கேட்டுக்கிட்டியா? போதும்னு உங்க ஆபீஸே சொல்லிடுச்சு. இதுக்குமேல ஏதாவது குறை இருந்தா எழுதிக் குடு, பார்க்கலாம்.” தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் போனது.

“அதை இன்னொரு தடவை சொல்லு” என்றார், திரும்பாமலே. “மெதுவா.”

சொன்னாள். அவர் வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாக ஒரு வாக்கியம் அமைத்தார். அதில் ‘இன் தி எண்ட்’ சரியாக வந்தது. மிச்சம் இரண்டு இடங்களில் அவள் இதுவரை கேள்விப்பட்டே இராத, புத்தம் புதிய, அழகான இரண்டு தப்புகள் வந்தன.

அவள் கை தன்னையறியாமல் கைப்பைக்குள் போனது.

“பேனாவை உள்ள வை” என்றார் அவர்.